மன்னிப்பை மேடையில் வாங்க முடியாது

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவர்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த கன்வென்ஷன் பிரசங்கியார் ஒருவர் இருக்கிறார். டிவியிலும் வருகிறவர். அவருடைய ஊழிய அலுவலகத்தில், மாதப் பத்திரிகை அனுப்பும் பிரிவில் 22 வயதுப் பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். இரவு நேரத்தில் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், கூட்டம் முடிந்து காரில் திரும்பும்போது அவர் நடந்துகொண்ட விதத்தையும் அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். செய்தி ஊரெல்லாம் பரவியது. பிரசங்கியார், “என்னில் பெலவீனம் உண்டு, எனக்காக ஜெபியுங்கள்” என்று ஒரு வீடியோ போட்டுவிட்டு மேடையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

கார் சம்பவம் நடந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஊழியக் கமிட்டி ‘ஒப்புரவு ஆராதனை’ ஒன்றுக்கு நாள் குறித்துவிட்டது. அந்தப் பிள்ளை மேடைக்கு வந்து, “நான் ஐயாவை மன்னித்துவிட்டேன்” என்று சொல்ல வேண்டுமாம். நம் சகோதரி அவளிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, கையோடு கூட்டி வந்து, ஜெபத்தையும் ஏறெடுக்க வேண்டுமாம். கமிட்டித் தலைவர் வீட்டுக்கே வந்து, “ரவி சக்கரியாஸ் செத்த பிறகும் அவர்மேல் கல்லெறிந்தார்கள். நாமும் அந்தப் பாவத்தைச் செய்யக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சகோதரியின் கணவர் அதே ஊழியத்தின் அச்சகத்தில்தான் வேலை பார்க்கிறார்.

“அவருக்காக முழங்கால் போட்டால் வாயில் வார்த்தை வரவில்லை. கோபம்தான் வருகிறது. நான் மன்னிக்கத் தெரியாதவளா? அந்தப் பிள்ளையைக் கூட்டிப் போகாவிட்டால் தேவனுக்கு விரோதமாக நிற்கிறேனா?” இதுதான் அவர் கேட்டிருப்பது. கடைசியில் ஒரு வரி: “எங்கள் ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் தினமும் ஜெபக்குறிப்பு வருகிறது. ஐயா பேர் இருக்கிறது, ஐயா குடும்பம் இருக்கிறது, ஊழியம் இருக்கிறது. அந்தப் பிள்ளை பேர் ஒரு நாளும் வந்ததில்லை.”

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியைக் கவனித்து எழுதினீர்களே, அதுவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில். மன்னிக்கத் தெரியாத மனசுக்கு அந்தக் குறை கண்ணில் படாது. ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. வரவேண்டிய கோபம்தான். ஆசாரியன் ஏலியின் குமாரர் ஆசரிப்புக் கூடார வாசலில் கூடின ஸ்திரீகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டதை 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. ஏலி மகன்களைக் கூப்பிட்டு வாயால் கண்டித்தான், ஆனால் அவர்களை ஆசாரிய வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தேவன் அந்த வீட்டை அப்படியே விடவில்லை என்பது நமக்குத் தெரிந்த கதைதான். ஆகவே கோபத்துக்காகக் குற்ற உணர்வு வேண்டாம். அந்தக் கோபத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

கமிட்டித் தலைவர் ரவி சக்கரியாஸ் பேரை இழுத்ததால், அதில் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது தலைகீழ்.

ரவி சக்கரியாஸ் 1946-ல் மெட்ராஸில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தவர். இருபது வயதில் கனடா போய், பிறகு அமெரிக்காவில் குடியேறி, 1984-ல் தன் பேரிலேயே ஓர் ஊழிய நிறுவனம் தொடங்கினார். கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடுகிறவர் என்று உலகமெல்லாம் பேர் எடுத்தார். நம் ஊர் சபைக் குடும்பங்களிலும் அவர் புத்தகம் இருக்கும். 2017-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண், அவர் தன்னிடம் ஆபாசப் படங்களைக் கேட்டு வாங்கியதாகச் சொன்னார். ரவி அதை மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல், அந்தப் பெண்ணும் அவர் கணவரும் தன்னிடம் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனார். வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் அவரை நம்பியது. ஆதரவாளர்கள் அந்தப் பெண்ணைப் பணத்தாசைக்காரி என்றார்கள்.

2020 மே 19-ல் ரவி இறந்தார். இரங்கல் கூட்டத்தில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபரே பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில், அவர் பங்குதாரராக இருந்த ஸ்பாக்களில் வேலை பார்த்த பெண்களின் குற்றச்சாட்டுகளை ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ பத்திரிகை வெளியிட்டது. பிறகு நிறுவனமே ஒரு சட்ட நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தியது. 2021 பிப்ரவரியில் வந்த அறிக்கையில், பல ஆண்டுகளாகப் பெண்களிடம் அவர் தகாத முறையில் நடந்துகொண்டதற்கான சாட்சியங்கள் இருந்தன. ஒரு பெண் பாலியல் வன்கொடுமை என்றே சொல்லியிருந்தார்.

அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தில் ஒரு பகுதியை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊழியப் பணத்திலிருந்து தனக்கு உதவி ஏற்பாடு செய்துவிட்டு, அதற்குப் பிறகு தன்னைப் படுக்கைக்குக் கட்டாயப்படுத்தினார் என்கிறார் அவர். தன்னோடு சேர்ந்து ஜெபிக்க வைத்தார், இந்த வாய்ப்புக்காக தேவனுக்கு நன்றி சொல்ல வைத்தார் என்கிறார். வெளியே சொன்னால் என் பேர் கெடும், அதனால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழக்கும், அந்தப் பழி உன்மேல் வரும் என்று எச்சரித்தார் என்கிறார். ஒரு பெண்ணின் வாயை அடைக்க ஜெபமும் ஆத்தும ஆதாயமும் எப்படிப் பயன்பட்டன பாருங்கள். “ஊழியம் கெட்டுவிடக் கூடாது” என்று இப்போது உங்கள் ஊரில் அந்தப் பிள்ளையிடம் சொல்லப்படுவதும் அதே பேச்சுதான்.

அறிக்கை வந்ததும் நிறுவனத்தின் ஆட்சிக்குழு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அந்தக் கனடாப் பெண் சொன்னது உண்மை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. ரவிக்கு ஊழிய அபிஷேகம் தந்திருந்த சபைப் பிரிவு, அவர் இறந்த பிறகும் அதைத் திரும்பப் பெற்றது. பதிப்பகம் புத்தகங்களை நிறுத்தியது. இதை ‘கல்லெறிதல்’ என்கிறார் உங்கள் கமிட்டித் தலைவர். மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லடி பட்டது அந்தக் கனடாப் பெண். அவர்மேல் விழுந்த கல்லைத்தான் 2021-ல் எடுத்துப் போட்டார்கள்.

“அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே”

இந்த வசனத்தையும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சங்கீதம் 105-ல் அது, அந்நிய தேசங்களில் பரதேசிகளாகச் சுற்றிய ஆபிரகாம் குடும்பத்தைப் பற்றி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது. பலம் இல்லாதவர்களைப் பலசாலிகளிடமிருந்து காப்பாற்றிய வார்த்தை. அதை இன்று பலசாலிக்குக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். தன்னைக் கொல்லத் தேடிய, அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா சவுலைத் தாவீது கொல்லவில்லை, சரி. ஆனால் கெபியை விட்டு வெளியே வந்து, சவுல் செய்த அநியாயத்தை அவன் படை நிற்கும்போதே சத்தம்போட்டுச் சொன்னானே! மூப்பர்மேல் புகார் வந்தால் சாட்சிகளோடு விசாரிக்க வேண்டும், பாவம் செய்திருந்தால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும் என்றுதான் பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

யார் மன்னிக்க வேண்டும்?

“மன்னிக்காவிட்டால் உன் பாவமும் மன்னிக்கப்படாது” என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்து வசனம்தான். அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் அதே கர்த்தர் லூக்கா 17-ல், சகோதரன் குற்றம் செய்தால் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்கிறார். கடிந்துகொள்வதும் மனஸ்தாபமும் அங்கே முதலில் வருகின்றன. உங்கள் ஊரில் இரண்டுமே நடக்கவில்லை. “பெலவீனம் உண்டு” என்ற வீடியோவில், தான் யாருக்கு என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை உண்டா? எனக்குப் பாவஅறிக்கையாகத் தெரியவில்லை. என்ன நடந்தது என்பதையே மூடிவிட்டு அனுதாபம் கேட்கிற பேச்சாகத்தான் தெரிகிறது.

பரமண்டல ஜெபத்தில் கர்த்தர் கடன் என்ற வார்த்தையை வைத்தார். கடனைத் தள்ளுபடி செய்யக் கடன் கொடுத்தவரால் மட்டும்தான் முடியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவேண்டிய பணத்தை நான் தள்ளுபடி செய்தேன் என்று அறிவித்தால் ஊர் சிரிக்கும். கமிட்டியும் சபையும் அந்தப் பிள்ளைக்காக மன்னிக்க முடியாது. அவளை மன்னிக்கச் சொல்லி நெருக்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. உங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை, இத்தனை வருஷம் நம்பிக் கேட்டோமே என்ற வேதனையை, நீங்கள் மன்னிக்கலாம். உங்கள் கணக்கு அவ்வளவுதான்.

அப்புறம், மன்னிப்பு, உறவு, பதவி என்ற மூன்றையும் நம் சபைகளில் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை என்றாவது ஒரு நாள் அவரை மனசார மன்னிக்கலாம். அதற்காக அவர் முகத்தில் முழிக்க வேண்டும் என்றோ, அவர் மறுபடி பிரசங்க மேடை ஏற வேண்டும் என்றோ ஆகாது. வழக்குத் தொடுத்துவிட்டும் மன்னிக்கலாம். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டதும், தோளிலிருந்து பாரம் இறங்கினமாதிரி மூச்சு விடுகிறார்கள். மன்னிப்பு என்றால் நடந்ததை இல்லை என்று சொல்வது என அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

யோசேப்பின் கதையை இந்தக் கண்ணோடு ஒரு தடவை வாசியுங்கள். தன்னை விற்றுப்போட்ட சகோதரர்கள் எகிப்துக்கு வந்ததைப் பார்த்ததுமே அவன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தான். சிமியோனைப் பிடித்துவைத்தான். பென்யமீனைக் கூட்டி வரச் சொன்னான். தம்பியை இன்னொரு தடவை விட்டுக்கொடுக்கிறார்களா என்று பார்த்தான். “இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்” என்று யூதா முன்னே வந்த பிறகுதான் அவன் அவர்களிடம் தன்னை வெளிப்படுத்தி உடைந்து அழுதான். அப்போதும் முதலில் செய்தது என்ன? எல்லாரையும் வெளியே போகச் சொன்னான். ஆதியாகமம் 45-ன் முதல் வசனம் அதுதான். எகிப்தின் பெரிய மனுஷர்கள் ஒருவரும் அந்த அறையில் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதும் காயப்பட்டவன் கையில் இருந்தது, நேரமும் அவன் குறித்தது. உங்கள் கமிட்டி நடத்தப் போகிற கூட்டத்தில் இதெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் இந்த அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் டிரஸ்டுக்கும் சொசைட்டிக்கும் பொருந்தும். சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்கிறவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடம் என்றாலோ, புகார் முதலாளிமேலேயே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியது காலம். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இந்த அவசர ஒப்புரவுக் கூட்டம் வேண்டுமென்றே இந்த நேரத்தில் வைக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மேடையில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் வீடியோவாக இருக்கும். நாளைக்கு அவள் புகார் கொடுத்தால் அந்த வீடியோவைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டால்தான் அந்தக் குழு சமரசத்துக்கே முயலலாம், பணத்தை அடிப்படையாக வைத்து முடிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. புகார் கொடுத்தவரின் பேரை வெளியிடவும் தடை உண்டு. “போலீஸ், கோர்ட் என்று போனால் பேர் கெட்டு, கல்யாணம் நடக்காது” என்று பயமுறுத்துகிறவர்கள்தான் அவளை ஆயிரம் பேர் முன்னால் நிறுத்தப் பார்க்கிறார்கள்! போலீசில் புகார் கொடுப்பதும் தனி வழியாக அவளுக்கு உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. அந்த அலுவலகத்தில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் யாருக்காவது இப்படி நடந்ததாகத் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே மன்னிப்பு, சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அவளுக்காக ஆத்திரப்பட்டு முடிவெடுத்துவிட்டால், அதுவும் கமிட்டி செய்கிற தப்பின் இன்னொரு பக்கம்தான்.

அவருக்காக எப்படி ஜெபிப்பது

ஜெபியுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சத்துருக்களுக்காகவே ஜெபிக்கச் சொன்னவரைப் பின்பற்றுகிறோம். விழுந்துபோன ஊழியக்காரரை ஜெபத்திலிருந்து ஒதுக்கிவைக்க நமக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஜெபிக்க அவர்மேல் பாசம் திரும்பி வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடே ஜெபிக்கலாம், சங்கீதங்களில் பல அப்படித்தான். “ஆண்டவரே, அந்த மனுஷன் செய்ததை மறைக்காமல் சொல்ல அவருக்குப் பயத்தைத் தாரும். அவரைப் புகழ்ந்து கெடுக்கிறவர்களை அவரைவிட்டு விலக்கும். அவர் மனைவியையும் பிள்ளைகளையும் இந்த அவமானத்தில் தாங்கும். மேடை இல்லாமல் உமக்கு முன்பாக வாழ அவருக்குக் கற்றுக்கொடும்.” இவ்வளவு போதும். வார்த்தை வராத நாளில் ஐம்பத்தொன்றாம் சங்கீதத்தை அவர் பேரைச் சொல்லி வாசித்தாலே ஜெபம்தான்.

அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவருக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிக்க வேண்டாம். “சாத்தான் நம் ஊழியரைச் சோதித்தான்” என்று சொல்லும்போது, சோதனையாக வந்தவள் அவள்தான் என்று அவள் காதில் விழும். ஜெபக்குறிப்பு போடுகிறவரிடம் சொல்லி, பேர் சொல்லாமல் “ஊழியங்களில் காயப்பட்டவர்களுக்காக” என்று ஒரு வரி முதலில் வரட்டும்.

ரவி சக்கரியாஸுக்காக ஜெபிக்கலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறார்கள். உங்கள் சபை வழக்கத்தில் அது இல்லை. அவரை நியாயாதிபதியின் கையில் விட்டுவிட்டு, அவர் காயப்படுத்தினவர்களுக்காகவும், துக்கத்தோடு வெட்கத்தையும் சுமக்கிற அவர் குடும்பத்துக்காகவும் ஜெபியுங்கள்.

அவர் திரும்பி வரவே கூடாதா?

விசுவாசியாகச் சபைக்குத் திரும்பி வர எப்போதும் வாசல் திறந்திருக்கிறது. பிரசங்க மேடை வேறு. அமெரிக்க அதிபர் நிக்சனின் உதவியாளராக இருந்த சார்ல்ஸ் கோல்சன், வாட்டர்கேட் ஊழல் வெடித்த காலத்தில் மனந்திரும்பினார். தப்பிக்கப் பார்க்கிறார் என்று அப்போது பலர் கேலி பேசினார்கள். அவர் 1974-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து பழைய அதிகாரத்தைத் தேடாமல், 1976-ல் கைதிகளுக்கான ஊழியத்தைத் தொடங்கினார். சகேயுவும், அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று கர்த்தர் சொன்னார். உங்கள் பிரசங்கியார் மனந்திரும்பியிருந்தால், விசாரணைக்கு உட்படுவார். அந்தப் பிள்ளை இழந்த நிம்மதிக்கு என்ன ஈடு என்று கேட்பார். மேடைக்கு நாள் குறிக்கச் சொல்ல மாட்டார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

கூட்டத்தில் கலந்துகொண்டு, அந்தப் பிள்ளையை மட்டும் கூட்டிப் போகாமல் தவிர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் வேறு யாரையாவது அனுப்பி அவளைக் கூட்டி வருவார்கள். நீங்கள் ஜெபத்தை ஏறெடுக்கவில்லை என்று கமிட்டிக்கு இரண்டே வரியில் எழுதிக்கொடுங்கள். “விசாரணை நடக்காமலும், அந்தப் பெண் தானாகக் கேட்காமலும் நடக்கும் ஒப்புரவுக் கூட்டத்தில் ஜெபம் செய்ய என் மனச்சாட்சி இடம் தரவில்லை. அவளை மேடைக்கு அழைக்க வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.” காரணம் கேட்டு வாதத்துக்கு இழுத்தால் போக வேண்டாம். தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு வேலையில் நெருக்கடி வரலாம். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. எழுதிக்கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் எல்லாவற்றையும் பேசுங்கள். வேலை போனால் நாலைந்து மாதம் எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவர் இப்போதைக்கு வேண்டாம் என்றால், உடல்நிலை, ஊருக்குப் போவது என்று பொய்க்காரணம் சொல்லாமல், “நான் வரவில்லை” என்று மட்டும் சொல்லி ஒதுங்குங்கள். அதுவும் ஒரு நிலைப்பாடுதான், அதில் தாழ்வில்லை.

ஆனால் எதற்கும் முன்னால் அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கள். கமிட்டி அனுப்பிய ஆளாக இல்லாமல் போங்கள். மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டாம், வசனம் சொல்ல வேண்டாம். “மேடைக்கு வரவேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, நான் கூட்டிப் போக மாட்டேன்” என்று முதலில் சொல்லிவிடுங்கள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று கேளுங்கள். தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாமல், தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவள் நம்புகிற இன்னொருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். மூன்று மாதக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று அவளோடு உட்கார்ந்து காலண்டரில் பார்த்துக் குறித்துக் கொடுங்கள். இந்த வாரமே போங்கள்.